பிரின்ஸிபால் பேசிய பிரெஞ்சு

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டுத் திருவண்ணாமலையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு வேலை கேட்டுப் போனபோது, என்னிடம் யாரும் பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வைஸ் பிரின்ஸிபால் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூறு வாங்கிக் குடுப்பீங்களா?"

"பேசவும் வைப்பேன் சார்."

"பேச்செல்லாம் யாரும்மா கேட்டா?" என்று சிரித்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகள் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம். மொழி மேல் இருந்த ஆசையால் யாரும் எடுக்கவில்லை. பாதிக் கேள்விக்கு ஆங்கிலத்திலேயே பதில் எழுதலாம், மீதியை நோட்ஸ் வைத்து மனப்பாடம் செய்துவிடலாம், மார்க் ஜாஸ்தி வரும் என்பதால் எடுத்தார்கள். இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்துவிட்டு, வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் வெளியே போவார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர் இந்த வைஸ் பிரின்ஸிபால்தான். அவருடைய சொந்தப் பாடம் வேதியியல். மார்க் பட்டியலில் பள்ளியின் பெயர் மேலே வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற வீட்டுப் பெண். தினமும் பஸ் பிடித்து வருவேன். முதல் வாரம் வகுப்பில், "உன் பேர் என்ன?" என்று பிரெஞ்சில் ஒவ்வொருவரையும் கேட்டேன். குனிந்து புத்தகத்தில் பதில் தேடினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, பேரைச் சொல்லி, அதோடு நிற்காமல், "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று பிரெஞ்சிலேயே என்னைத் திருப்பிக் கேட்டாள். அந்தத் தொண்டை 'ர'வை நான் பாண்டிச்சேரியிலேயே மூன்று வருஷம் முக்கித்தான் கற்றுக்கொண்டேன். இவளுக்குச் சாதாரணமாக வந்தது. வகுப்பே சிரித்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"எங்க கடைக்கு வருவாங்க மிஸ். இளநி குடிப்பாங்க."

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், அவள் அப்பா இளநீரும் சோடாவும் கற்பூரமும் விற்கிற கடை வைத்திருந்தார். ஆசிரமத்துக்கு வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் மலையைச் சுற்றும்போது அங்கே நின்று தாகம் தீர்த்துக்கொள்வார்கள். பள்ளியில் இருநூறு ரூபாய்ப் புத்தகம் கொடுத்தும் வராத மொழி, அந்தக் கடையில் இளநீருக்குக் காத்திருக்கிற நேரத்தில் வந்திருந்தது. அன்றைக்கே எனக்கு என் பாடத்திட்டம் கிடைத்துவிட்டது.

என்னிடம் பாண்டிச்சேரியில் வாங்கிய ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. பேட்டரியிலும் ஓடும். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களை ஜோடிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போக வேண்டும். பார்க்க வேண்டும், பூசாரியிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் விசாரிக்க வேண்டும், அதைப் பிரெஞ்சில் எழுதி என்னிடம் திருத்தி வாங்கி, மறுபடி அதே இடத்தில் நின்று பேசிப் பதிய வேண்டும். மணிச் சத்தம், பஸ் ஹார்ன், ஆட்டுக்குட்டி கத்துவது எல்லாம் அதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். அடி அண்ணாமலைப் பெண் தன் பங்குக்கு அப்பாவின் கடையையும் சேர்த்துக்கொண்டாள். கத்தி இளநீரில் விழுகிற சத்தத்தோடு அவள் சொன்ன விளக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பாதையோரம் வீடு எடுத்துக் குளிர்காலத்தில் வந்து தங்குகிற ஒரு பிரெஞ்சு அம்மாள் இருந்தார். அவர் நாட்டில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேசட்டைப் போட்டுக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவருடைய அண்ணன் மகள் அங்கே கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியை. கேசட்டைப் பிரதி எடுத்து அவளுக்கு அனுப்பி வைத்தார். சில வாரங்கள் கழித்து அங்கிருந்து பார்சல் வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் மீன் மார்க்கெட்டைப் பற்றி, மழையைப் பற்றி, வகுப்புக்குள் நுழைந்த ஒரு நாயைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். கடைசியில் எங்கள் பிள்ளைகளிடம் கேள்விகள். "செருப்பில்லாமல் மலையைச் சுற்றினால் கால் சுடாதா?" என்று ஒரு பையன் கேட்டிருந்தான்.

அந்தக் கேள்வியை வகுப்பு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது. தங்களிடம் ஒருவன் கேட்கிறான், அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குப் பரீட்சையைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. இலக்கணத்தில் தப்பு வந்தால் தாங்களே அழித்து மறுபடி பதிந்தார்கள். கேசட் போனது, வந்தது, மறுபடி போனது. மார்க்கும் குறையவில்லை. பேசத் தெரிந்தவனுக்கு எழுதுவதில் என்ன கஷ்டம்?

ஒவ்வொரு கேசட் முடிந்ததும் அதன் மேல்விளிம்பில் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளைப் பிள்ளைகளே உடைத்துவிடுவார்கள். உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது. டேப் ரெக்கார்டர் வைத்திருந்த எல்லோருக்கும் அந்த நாட்களில் அது தெரியும்.

அடுத்து வந்த பார்சலை வைஸ் பிரின்ஸிபால் பிரித்துவிட்டார். தன் அறையில் போட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் ஒரு பையன் அடி அண்ணாமலைப் பெண்ணின் பேரைச் சொல்லிச் சிரிப்பது மட்டும் புரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"யாரும்மா இவன்?"

"அங்க படிக்கிற பையன் சார். கிளாஸ் ப்ராஜெக்ட்."

"வெள்ளைக்காரப் பசங்களுக்கு நம்ம பொண்ணுங்க கேசட் அனுப்புறது ப்ராஜெக்டா? சிலபஸ்ல எந்தப் பக்கத்துல இருக்குது, காட்டுங்க."

"அவன் கால் சுடுமான்னு கேட்டான், இவ பதில் சொன்னா. அவ பேரை அவனுக்குச் சரியா சொல்ல வரல, அதான் சிரிக்கிறான். வேணும்னா வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்றேன் சார்."

"எனக்கு ஒண்ணும் தேவையில்ல."

அது நிஜம். அவருக்குத் தேவையே இருக்கவில்லை. அந்த வாரமே பெண் பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராக வரவழைத்தார். என்ன சொன்னார் என்பது பிறகு பியூன் வழியாகவும் பெற்றோர் வழியாகவும் எனக்கு வந்தது. 'உங்க பொண்ணு எவனோ வெளிநாட்டுப் பையனோட பழகுது. கூட்டிட்டுப் போறதே டீச்சர்தான். அவங்களுக்கும் இன்னும் கல்யாணம் ஆகல. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ஸ்கூல் பொறுப்பில்ல.'

கேசட்டுகள் எல்லாவற்றையும் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். ஆண்டு விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒன்றைப் போட்டேன். "அன்பார்ந்த பெற்றோர்களே, தாளாளர் அவர்களே" என்று அவர் குரல் கேட்டது. ஆண்டு விழாவில் அவர் ஆற்றிய உரை. அடுத்ததைப் போட்டேன். அதே உரை. எல்லாவற்றிலும் அதே உரை. நிர்வாகக் குழுவினருக்கு ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்கத் தயார் செய்து, மிஞ்சியதைத்தான் எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். எட்டு லிங்கங்களும் போயிருந்தன. மீன் மார்க்கெட்டும் நாயும் போயிருந்தன. இளநீர் வெட்டுகிற சத்தம் போயிருந்தது.

அவர் அறைக்கு ஓடினேன்.

"காலி கேசட்டுன்னு நெனச்சேம்மா. சும்மாதானே கெடந்துது," என்றார்.

கேசட்டைத் திருப்பி அதன் மேல்விளிம்பைக் காட்டினேன். உடைத்த இரண்டு ஓட்டைகளின் மேலும் செல்லோ டேப் அழகாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டையை அப்படி மூடினால்தான் மறுபடி பதிய முடியும், காலி கேசட்டுக்கு யாரும் அப்படி ஒட்ட மாட்டார்கள். அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு மணியடித்துப் பியூனை வரச் சொல்லி, எனக்குக் கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

வேலையை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் பயிற்சி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அவமானத்தைக்கூட விழுங்கியிருப்பேன். அடி அண்ணாமலைப் பெண் பிளஸ் டூவுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குள் ஏதோ கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. கடைக்குப் போனேன். அவள் இளநீர்க் குலைகளுக்குப் பின்னால் நின்றாள். அவள் அப்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"டீச்சர், நீங்க போயிடுங்க. பெரிய சார் எல்லாத்தயும் சொல்லிட்டாரு. அவரு படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு."

"நான் சொல்றதையும் கேளுங்களேன் ஐயா."

"எனக்கு ஒரே பொண்ணு டீச்சர். போயிடுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அழவில்லை. இந்த மனிதர் என்றைக்காவது, நாலு பேர் முன்னால், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை. செய்ய வைப்பேன் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வேங்கிக்காலில் அப்போது புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை எடுத்து வகுப்பு ஆரம்பித்தேன். முதலில் டேப் ரெக்கார்டர், பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன் பிறகு போன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு வந்த இன்டர்நெட். கேசட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளின் தம்பி தங்கைகள், அதே கடற்கரை ஊர்ப் பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டு மறுநாளே பதில் வாங்கினார்கள். கிரிவலப் பாதையை மறுபடியும் பதிந்து, படங்கள் சேர்த்து, சிடியாகப் போட்டோம். ஒரு பிள்ளை கூச்சம் விட்டுச் சரளமாகப் பேசும்போதெல்லாம், வைஸ் பிரின்ஸிபால் பக்கத்தில் நின்று புரியாமல் விழிப்பதாக மனதில் நினைத்துக்கொள்வேன். பிற ஆசிரியர்களுக்குக் கற்பிப்பதில் என்ன சந்தோஷம் கிடைக்குமோ தெரியாது. எனக்கு இது கிடைத்தது.

வகுப்பு ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனபோது அடி அண்ணாமலைப் பெண் தானாகவே வந்தாள். கடையில் நின்றபடி அவள் பேச்சை விடவில்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரியில் அவள் வெளிநாட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்த்து உதவி செய்து, அவர்கள் அப்பாவிடம் வந்து கைகூப்பி நன்றி சொன்ன பிறகு அவர் கொஞ்சம் இளகியிருக்கிறார். பிளஸ் டூவைத் தனியாக எழுதினாள், பட்டத்தைத் தபால் வழியில் படித்தாள். என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் எந்தப் பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானாலும் அவளைத்தான் தேடினார்கள்.

வைஸ் பிரின்ஸிபால் அதற்குள் பிரின்ஸிபால் ஆகியிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் என் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள் பழம்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்கம்மா."

"உக்காருங்க சார்."

விஷயம் இதுதான். ஆசிரமத்துக்கு வந்து போகிற பிரெஞ்சுக்காரர்கள் சிலர் சேர்ந்து, பள்ளியில் ஒரு மொழிக்கூடம் அமைக்கக் கம்ப்யூட்டர்களும் ஹெட்போன்களும் கொடுத்திருந்தார்கள். திறப்பு விழாவில் பிரின்ஸிபால் பிரெஞ்சில் வரவேற்புரை ஆற்றினால் நன்றாக இருக்கும் என்று தாளாளர் ஆசைப்பட்டிருக்கிறார். இவர், "எனக்கே கொஞ்சம் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார். பள்ளியின் பிரெஞ்சு ஆசிரியர் அந்த வருஷம் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு அஞ்சு நிமிஷத்துக்குப் பேச்சு எழுதிக் குடுங்க. தமிழ் எழுத்துலயே எழுதிடுங்க. நான் படிச்சிடுவேன்."

என் நெஞ்சு அடித்துக்கொண்டதை அவர் கேட்டிருந்தால் ஓடியிருப்பார்.

"தமிழ் எழுத்துல மட்டும் எழுதினா உச்சரிப்பு வராது சார். கேசட்லயும் பேசித் தரேன். கேட்டுக் கேட்டுப் பழகுங்க," என்றேன்.

"அப்படிச் செய்ங்க, அப்படிச் செய்ங்க."

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார்.

"வந்தவங்களை வரவேற்கிறீங்க. பழைய நாளை நெனச்சுப் பாக்குறீங்க. அவங்க ஊர்ப் பிள்ளைங்களப் பத்தியும் நம்ம பிள்ளைங்களப் பத்தியும் சொல்றீங்க. முழுசா வரிக்கு வரி சொல்லட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். எந்த எடத்துல கை தட்டுவாங்க, அத மட்டும் மார்க் பண்ணிடுங்க."

மார்க் செய்து கொடுத்தேன். வரிக்கு வரி சொல்லட்டுமா என்று இரண்டாவது முறையாக நான் கேட்டதும், இரண்டாவது முறையாக அவர் வேண்டாம் என்றதும் எனக்குப் போதுமாக இருந்தது.

அவர் போல ஒரு மாணவர் எனக்கு அதற்கு முன் அமையவில்லை. காரில் போகும்போதும் வரும்போதும் கேசட்டைப் போட்டுக் கேட்டார். மூன்று முறை என் மாடிக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 'இ' சொல்வதற்கு வாயை வைத்துக்கொண்டு 'உ' சொல்லுங்கள் என்றேன், சொன்னார். காறித் துப்பப் போகும்போது தொண்டையில் வரும் சத்தம்தான் அவர்களுடைய 'ர' என்றேன், அதையும் பிடித்துவிட்டார். அவர் குரலைப் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினேன். குழந்தை மாதிரி பூரித்துப் போனார். ஒலிப்பதிவு வைத்து மொழி கற்பிக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அடி அண்ணாமலைப் பெண்ணிடம் நான் எதையும் சொல்லவில்லை. விருந்தினர்கள் தங்கள் மொழிபெயர்ப்பாளராக அவளைத்தான் அழைத்து வருகிறார்கள் என்பதை அவரிடமும் சொல்லவில்லை.

விழா அன்று கூடம் நிரம்பியிருந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் விருந்தினர்கள், அவர்களோடு அந்தத் தபால் அலுவலக அம்மாளும், பக்கத்தில் பட்டுப்பாவாடைக் காலம் தாண்டிப் புடவையில் அடி அண்ணாமலைப் பெண்ணும். மகள் விருந்தினர்களோடு வருவதைப் பார்க்க அவள் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, ஓரமாகச் சுவரையொட்டி நின்றார். பிரின்ஸிபாலுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அதுகூட எனக்கு நல்லதாகவே பட்டது.

அவர் மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்கினார். உச்சரிப்பு நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முதல் இரண்டு வரிக்கு விருந்தினர்கள் புன்னகை செய்தார்கள். மூன்றாவது வரியில் புன்னகை நின்றது. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார். தபால் அலுவலக அம்மாள் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். அடி அண்ணாமலைப் பெண் கையிலிருந்த பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிளஸ் டூ பிரெஞ்சுப் பிள்ளைகள், நூற்றித் தொண்ணூறு வாங்கப் போகிறவர்கள், ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. அவர் பாடத்திட்டத்தின் வெற்றி அது.

நான் மார்க் செய்த இடத்தில் அவர் நிறுத்தினார். விருந்தினர்கள் கை தட்டினார்கள். மெதுவாக, எழுந்து நின்று தட்டினார்கள். கூடமும் சேர்ந்து தட்டியது. தாளாளருக்குப் பெருமை தாங்கவில்லை. மைக் பக்கம் வந்து, "எல்லாருக்கும் புரியற மாதிரி அந்தப் பொண்ணே தமிழ்ல சொல்லட்டும்," என்றார்.

அவள் மேடையேறினாள். பிரின்ஸிபால் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்து, என் கையெழுத்து. பின்வரிசை வரைக்கும் பார்வையை ஓட்டி என்னைக் கண்டுபிடித்தாள். நான் தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நல்லபடியாக நாலு வரி வரவேற்புச் சொல்லிவிட்டு அவள் இறங்கியிருக்கலாம். அவளுக்கு அதற்கு எல்லா உரிமையும் இருந்தது.

அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"சார் சொன்னதை அப்படியே சொல்றேன். 'விருந்தினர்களே, வணக்கம். சில வருஷங்களுக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிந்து எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் பிள்ளைகளும் இந்த மலையைப் பற்றிப் பேசி அனுப்பினார்கள். அந்தக் கேசட்டுகளை நான் அழித்தேன். அவற்றின் மேல் என் சொந்தப் பேச்சைப் பதிந்துகொண்டேன். தெரிந்தே செய்தேன். பிள்ளைகள் பேசியதில் தவறாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் ஒரு மாணவியைப் பற்றி அவள் தகப்பனிடம் பொய் சொன்னேன். அதனால் அவள் படிப்பு நின்றது. அந்த மாணவியிடம் இந்தச் சபையில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.'"

ஒரு இடத்திலும் குரல் தடுமாறவில்லை. கடைசியில் மட்டும் மைக்கிலிருந்து சற்று விலகி, "அந்த மாணவி நான்தான்," என்றாள்.

பிரின்ஸிபாலின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். ஒரு நொடிகூட விடுவதாக இல்லை. சிரிப்பு உதட்டில் ஒட்டியபடி இருந்தது, கண் மட்டும் அங்குமிங்கும் ஓடியது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், தான் படித்தது என்னவென்றே தனக்குத் தெரியாது என்றாகும். தாளாளர் பக்கத்திலேயே நிற்கிறார். கடைசியில் அவர் செய்தது, கைகூப்பித் தலை குனிந்ததுதான்.

அப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூட்டம் கை தட்டியது. "பெரிய மனசு சாருக்கு," என்று எனக்கு முன்வரிசையில் ஒரு பெற்றோர் சொன்னார். இன்னொருவர் விசில் அடித்தார். இவ்வளவு பாடுபட்டு நான் இந்த ஆளை மகானாக்கிவிட்டேனா?

சுவரோரம் நின்ற இளநீர்க் கடைக்காரர் மேடையை நோக்கி நடந்தார். படியேறவில்லை. கீழேயே நின்று, மைக் இல்லாமல் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அன்னிக்கி எங்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே சார்?"

கைதட்டல் நின்றது.

"உங்களைப் படிச்சவருன்னு நம்பினேன். எம் பொண்ணுகிட்ட ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல சார் நான்."

பிரின்ஸிபால் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எந்த மொழியிலும் எதுவும் வரவில்லை. தாளாளர் அவரை உட்காரச் சொல்லி, விழாவை அவசரமாக ரிப்பன் வெட்டுகிற இடத்துக்கு நகர்த்தினார். ரிப்பனை வெட்டும்போது கத்தரிக்கோலைப் பிரின்ஸிபாலிடம் யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் என் மாடிக்கு வந்தார். இந்த முறை பழம் இல்லை.

"என்னக் கொன்னுட்டியேம்மா நீ. போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறேன்."

"என்னன்னு சார் குடுப்பீங்க? நான் படிச்சது எனக்கே புரியலன்னா?"

"நம்பி வந்தேனே."

"நாங்களும் நம்பித்தான் சார் கேசட்டக் குடுத்தோம்."

படிவரைக்கும் போய்த் திரும்பினார். "எதுக்கும்மா இவ்ளோ வன்மம்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாதது போலத்தான் கேட்டார். அது என்னை இன்னும் சூடாக்கியது.

"உங்க 'ர' ரொம்ப நல்லா வந்துது சார். விட்டுடாதீங்க," என்றேன். படியில் அவர் காலடிச் சத்தம் ஓயும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு எழுந்து காபி போட்டேன். அவ்வளவு ருசியான காபியை நான் போட்டதில்லை.

தபால் அலுவலக அம்மாள் மட்டும் என்னைக் கடிந்துகொண்டார். ஒரு மனிதனுக்குத் தெரியாமல் அவன் வாயில் வார்த்தையை வைப்பது சரியா என்று கேட்டார். அவர் நல்லவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு எனக்கு அப்போது ஆக வேண்டியது எதுவும் இல்லை.

அவரை வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. ஓய்வு பெறும்வரை பிரின்ஸிபாலாகவே இருந்தார். ஆனால் தாளாளர் ஒரு காரியம் செய்தார். மொழிக்கூடத்தை நடத்த அடி அண்ணாமலைப் பெண்ணை நியமித்தார். அவள் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஆளுக்குக் கீழயா வேலை பாக்கப் போற?"

"அவர் ரூம்ல இல்ல மிஸ். லேப்ல. அங்க கம்ப்யூட்டரெல்லாம் புதுசா இருக்குது. பிள்ளைங்க இருக்காங்க. நான் எதுக்கு விடணும்?"

அடுத்த வருஷம் ஒரு நாள் என்னை அவள் வகுப்பைப் பார்க்கக் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஊர்ச் சந்தையைப் பற்றி எடுத்த வீடியோவுக்குப் பிரெஞ்சில் பேச்சு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய் பேரத்தை எப்படிச் சொல்வது என்று இரண்டு பையன்கள் சண்டை போட்டார்கள், அதுவும் பிரெஞ்சில். வாசலில் அவள் ஒரு போர்டு மாட்டியிருந்தாள். உள்ளே வருகிறவர்கள், யாராக இருந்தாலும், பிரெஞ்சில் மட்டும்தான் பேச வேண்டும்.

பாதி வகுப்பில் வாசலில் நிழல் தெரிந்தது. பிரின்ஸிபால், கையில் ஏதோ சுற்றறிக்கையோடு.

"ஸ்டூடண்ட்ஸ், நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ஆன் ஃபிரான்ஸே, மொசியே!" என்று, பிரெஞ்சில் பேசச் சொல்லி, முப்பது குரல்கள் சேர்ந்து கத்தின. மரியாதையாக, சந்தோஷமாக, கொஞ்சம்கூட விஷமம் இல்லாமல். பிள்ளைகளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

அவர் உள்ளே ஒரு காலை வைத்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்று, முகத்தில் எதையும் காட்டாமல், அவர் பேசுவதற்குக் காத்திருந்தாள். அவர் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். சுற்றறிக்கையைப் பியூனிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வராந்தாவில் நடந்து போனார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரலை உதட்டில் வைத்து, சிரிப்பதானாலும் பிரெஞ்சில் சிரியுங்கள் என்றாள்.